பருவத்தில் வந்துபோகிறவர்கள்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான், உன் அத்தான், குட்டி மூவரும் சுகம். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? கேன்டீன் சாப்பாட்டைக் குறை என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ எங்கே கேட்கப் போகிறாய்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை, தீவே என் பின்னால் நின்று எழுதவைக்கிறது. போன வாரம் எதிர்க்கரையிலிருந்து ஒரு கப்பல் வந்து, பாறைத்திட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் மிதவைகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. திட்டு உனக்குத் தெரியும். தண்ணீர் வற்றும்போது முதுகைக் காட்டும், மற்ற நேரத்தில் இருக்கும் இடமே தெரியாது. நம்முடையது என்று நம் பேப்பரும் அவர்களுடையது என்று அவர்கள் பேப்பரும் நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கின்றன. மீன் மட்டும் யாரையும் கேட்காமல் அங்கே முட்டை போட்டுக்கொண்டிருந்தது. இப்போது மிதவைக்கு உள்ளே போகலாமா கூடாதா என்று எந்தப் படகுக்காரருக்கும் தெரியவில்லை.

காலையில் ஐஸ் பேக்டரியைத் திறந்தால் ஐஸ் வாங்க வருகிறவர்களைவிட என்னிடம் செய்தி கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். நம் 'ரேடியோ' இருக்கிறாரே, ஒன்று கேட்டால் ஒன்பதாக ஒலிபரப்புகிறவர், அவர் தினமும் வருகிறார். "வெளியுறவு இலாகாவுல தம்பியை வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியலைங்கிறீங்களே. அவர் என்னதான் சொல்றாரு?" என்கிறார். நீ அமைச்சரின் காதுக்குள் உட்கார்ந்திருப்பதாக இங்கே எல்லோருக்கும் நினைப்பு.

எனக்கும் ஒன்று தெரிய வேண்டும். அத்தான் தகரத்தைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு கான்கிரீட் கூரை போட வேண்டும் என்கிறார். சிமென்ட் படகில் வர வேண்டும், ஒரு தடவை வந்தால் திருப்பி அனுப்ப முடியாது. அந்த ஆட்கள் மனதில் என்ன வைத்துக்கொண்டு மிதவை போட்டிருக்கிறார்கள்? அவர்கள் மொழி படித்தவன் நீ. சொல்.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன்.

ரேடியோவிடம் சொல், அமைச்சரின் காதை நான் பார்த்ததே இல்லை. அவருடைய காரைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பின்பக்கத்தை. என் வேலை இரண்டாவது மாடியில், அவர்களுடைய பேப்பர்களைப் படித்து நம் மொழியில் எழுதித் தருவது. எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் அரைப்புள்ளி என்று கூப்பிடுவோம், அவருக்குக் கேட்காமல். எங்கே அரைப்புள்ளி வருகிறது, எங்கே முற்றுப்புள்ளி வருகிறது என்பதில்தான் ஒரு அரசாங்கத்தின் மனம் இருக்கிறது என்பார்.

போன மாதம் வரை அவர்கள் 'நிலைமையைக் கவனித்து வருகிறோம்' என்று அறிக்கை விடுவார்கள். இந்த மாதம் 'கவலையோடு கவனித்து வருகிறோம்' என்று வந்தது. அந்த ஒரு 'கவலையோடு' வந்ததற்கு எங்கள் பிரிவில் எல்லோருடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போனது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் படும் கவலை என்றும் ஒரு பொருள் உண்டு. நான் அப்படித்தான் வாதாடினேன். அரைப்புள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். அங்கே மீன்துறை அமைச்சருக்குச் சொந்தக் கட்சியிலேயே செல்வாக்கு சரிந்திருக்கிறது. ஏதாவது செய்தோம் என்று காட்ட வேண்டும், மிதவை போட்டிருக்கிறார். உண்மையிலேயே பிடித்துவைக்க நினைப்பவன் பிளாஸ்டிக்கைக் கயிற்றில் கட்டிப் போடமாட்டான், இரும்பை நட்டுவிட்டுப் போவான். இது காற்றுக்காலம் வந்தால் தானாக அறுந்து போய்விடும்.

தாராளமாகக் கூரை போடுங்கள். குட்டிக்கு என் அன்பு. அத்தானை வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொல்.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

எல்லோரும் சுகமே. கூரை போட்டாயிற்று. கலவை தூக்க அக்கம்பக்கம் முழுக்க வந்தது. நீ போடச் சொன்னாய் என்று தெரிந்ததும் பாதி ஜனத்துக்குத் திட்டைப் பற்றிய பயம் தெளிந்துவிட்டது. தீவில் இதுதான் முதல் கான்கிரீட் வீடு. குட்டி மாடியிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறாள்.

இன்னொன்றும் நடந்தது. போன வெள்ளிக்கிழமை திட்டுக்குக் கொஞ்சம் தள்ளி அத்தான் படகில் இன்ஜின் பெல்ட் அறுந்துவிட்டது. நீரோட்டம் இழுத்து மிதவைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டது. மாற்று பெல்ட் இல்லை, கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் எதிர்க்கரைக் காவல் படகு வந்திருக்கிறது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அவர்கள் ஒலிபெருக்கியில் நம் மொழியிலேயே பேசியிருக்கிறார்கள். "அன்பான மீனவர்களே, நீங்கள் எங்கள் விருந்தினர்கள், அச்சம் வேண்டாம்."

"பேச்சு மாதிரியே இல்லடி, பாடப் புஸ்தகத்தை ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு," என்கிறார் உன் அத்தான். "ஆனா ரொம்ப மரியாதை. தண்ணி குடுத்தாங்க. பெல்ட் கூட அவங்களோடதுதான் மாட்டி விட்டாங்க. கடைசில எல்லாரையும் நிக்கவச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது, அவர்கள் சண்டைக்கு வரவில்லை. இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள்? அதையும் பார்த்துச் சொல். உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவும் பொறுமை இல்லாமல் எழுதுகிறேன்.

அந்தப் போட்டோ அவர்களுடைய பேப்பரில் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. அத்தான் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே இப்படிப் போட்டிருக்கிறது: 'நமது கடலில் வழிதவறிய அயல்நாட்டு மீனவர்களுக்கு நமது காவல்படையின் உதவி.' விருந்தினர் என்று சொன்னது மரியாதைக்காக இல்லை அக்கா. நீ விருந்தினர் என்றால் வீடு அவனுடையது. அவன் கொடுத்து நீ வாங்கிக்கொண்டால், அவன்தான் அங்கே நிர்வாகம் நடத்துகிறான் என்று நீயே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். நாளைக்கு எந்த மன்றத்துக்குப் போனாலும் இந்தப் படம் போகும்.

பேப்பரை எங்கள் மேஜையில் விரித்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். "யார் இந்த முட்டாள்?" என்றார் அரைப்புள்ளி. அத்தானின் படத்துக்குக் கீழே இருந்த விளக்கத்தை நான்தான் அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

மிதவையைப் பற்றி நான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அங்கிருந்து எதையும் வாங்க வேண்டாம், எதற்கும் தலையாட்ட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல். அத்தானிடம் மெதுவாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

குட்டிக்குச் சளி, மற்றபடி நலம்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். அப்புறம், "தாகத்துல இருக்கிறவன் தண்ணி குடுக்கிறது யாருன்னு கொடியைப் பாத்துட்டா குடிப்பான்?" என்றார். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

உன் கடிதம் வந்த வாரமே நம் கடற்படையும் வந்துவிட்டது. சின்ன வயது அதிகாரி. முகத்தில் கோபம் கூட இல்லை.

"தண்ணி ஏன் வாங்கினீங்க?"

"குடிக்கத்தாங்க."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். படகைக் கரையில் அவர்கள் போட்ட முகாம் பக்கம் கட்டிவைத்துவிட்டார்கள், விசாரணை முடிகிற வரை கடலுக்குப் போகக்கூடாதாம். அந்தப் பக்கத்துக்காரன் பிடித்தும் விட்டுவிட்டான், இந்தப் பக்கத்துக்காரன் பிடிக்காமலே வைத்திருக்கிறான்.

போகும்போது அந்த அதிகாரி அண்ணாந்து நம் கூரையைப் பார்த்தார். மறுநாள் பெயிண்ட் டப்பாக்களோடு ஆட்கள் வந்து கூரை முழுக்க நாட்டுக் கொடியை வரைந்துவிட்டுப் போனார்கள். மேலே பறக்கிறவனுக்கு இது நம் நிலம் என்று தெரிய வேண்டுமாம். "ஏன் எங்க வீட்டுல?" என்று கேட்டேன். "தீவுல வேற தட்டையான கூரை இல்லம்மா," என்றார்கள். கொடியை மிதிக்கக்கூடாது என்பதால் குட்டி இப்போது மாடிக்குப் போக முடியவில்லை. ஓரத்தில் நின்று துணி காயப்போட மட்டும் எனக்கு அனுமதி.

கூரையில் கொடி வரைகிறார்கள், கூரைக்குக் கீழே இருப்பவனை முடக்கி உட்கார வைக்கிறார்கள். இவர்கள் நம்மைக் காப்பாற்றப் போகிறார்களா, கைகழுவப் போகிறார்களா? எதிர்க்கரைக்காரன் மனதை நீ படித்துச் சொல்கிறாய். நம் ஆட்கள் மனதை யாரடா படித்துச் சொல்வது?

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பதில் தாமதமாகிவிட்டது. என்னை வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி அலுவலக விஷயம் எதையும் வெளியில் எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் நீ கேட்டதைப் பற்றி எழுத முடியாது. கோபப்படாதே.

குட்டியை இங்கே அனுப்பிவை. எட்டாவது முடித்ததும் எப்படியும் வெளியூர் வரத்தானே வேண்டும், முன்னாலேயே வரட்டும். என் அறைக்கு எதிரிலேயே ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் கட்டிலை அவளுக்கு ஒழித்துவைத்துவிட்டேன். அடுத்த தபால் படகிலேயே வந்தாலும் நல்லது. நீங்கள் இருவரும் அவளைக் கொண்டுவிடுகிற சாக்கில் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம். கொஞ்ச நாள் என்ன, எவ்வளவு நாளானாலும்.

உன் தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலம்தானா? உன் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நானும் அத்தானும் அதைப் பலதடவை படித்தோம். நீ உன் அரசாங்க அறிக்கைகளைப் படிப்பதுபோல வரி வரியாகப் பிரித்துப் பார்த்தோம். 'எவ்வளவு நாளானாலும்' என்று ஏன் எழுதினாய் என்று நான் கேட்டேன். "தனியா இருந்து அலுத்துப் போயிருப்பான், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சிருக்கணும்," என்றார் அவர். சிரித்தோம். ஆனால் விளக்கை அணைத்த பிறகு அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் செய்த மடத்தனம், ஐஸ் பேக்டரியில் பேச்சுவாக்கில், தம்பி குட்டியை அனுப்பச் சொல்கிறான் என்று சொல்லிவிட்டேன். ரேடியோ பக்கத்தில் நின்றிருந்தார். மத்தியானத்துக்குள் தீவு முழுக்கப் பரவிவிட்டது. இலாகாக்காரரே தன் அக்கா மகளைக் கூப்பிட்டுக்கொள்கிறார், தீவு போகப்போகிறது. ரேடியோவின் மனைவி உட்பட நாலைந்து குடும்பம் அடுத்த படகிலேயே சட்டி பானையோடு கிளம்பிவிட்டது. ஏறும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சதை முன்னாடியே எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே," என்று அழுதாள். என்ன தெரிந்தது எனக்கு?

மிச்சமிருப்பவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது குட்டியை அனுப்பினால் ஒருவர்கூட இங்கே தங்கமாட்டார்கள். போனால் எங்கே போவார்கள், யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதனால் அவளை அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நானே கொண்டுபோய் விடுகிறேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய், சரி. ஒரே ஒரு வரி எழுது. இரு, அல்லது வா. அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிக நலமாக இருக்கிறேன். நீங்கள் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

இங்கே நல்ல மழை. நான் இப்போது தங்கியிருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருக்கிறது. காலையில் நான் காபி குடிக்கும்போது எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு காது மடிந்திருக்கும். யாருடைய பூனை என்று யாருக்கும் தெரியவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, வயிற்றுவலி குறைந்திருக்கிறது. அத்தானுக்கு ஒரு நீலச் சட்டை வாங்கிவைத்திருக்கிறேன். அவர் நேரில் வந்து போட்டுப் பார்த்தால்தான் அளவு தெரியும்.

குட்டியின் படிப்பை நினைத்துக்கொள்கிறேன். அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

உன் தம்பி


ஜூலை 24

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் ரொம்ப சுகம். உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இரு என்றும் எழுதவில்லை, வா என்றும் எழுதவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஆபத்து என்றால் என் தம்பி பூனையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவானா? சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தாலே உனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் வயிற்றுவலி குறைந்தது என்று எழுதினால் எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அத்தானும் அதையே சொன்னார். ரேடியோவைக் கூப்பிட்டுக் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். அவர் பூனை வரைக்கும் சத்தமாகப் படித்தார், எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சுவார்த்தை நடக்கிறது என்று வானொலியிலும் சொல்கிறார்கள். இரண்டு அமைச்சர்களும் கைகுலுக்கிச் சிரிக்கிற படம் பேப்பரில் வந்திருக்கிறது. கடற்படைக்காரர்கள் அத்தானின் படகை அவிழ்த்துவிட்டார்கள், மன்னிப்பு மாதிரி ஏதோ கூடச் சொன்னார்களாம். போன குடும்பங்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ரேடியோ மனைவி அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டைக் காலிசெய்துவிட்டு நேற்று வந்து இறங்கினாள். எனக்கு ஒரு பை நிறையப் பழம்.

பூனைக்குப் பால் வை. அத்தான் சட்டை அளவைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அன்போடு
அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

உங்களையெல்லாம் தீவிலிருந்து ஏற்றிக்கொண்டுவந்து துறைமுகத்துப் பழைய கிடங்கில் தங்கவைத்திருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேரில் வர பஸ் நிலையம் வரை போனேன். சீட்டு வாங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை.

நடந்ததை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும்.

மே மாதம் என்னைப் பேச்சுவார்த்தைக் குழுவில் மொழிபெயர்ப்பாளனாகப் போட்டார்கள். முதலில் கையில் கொடுத்த வரைவிலேயே தீவுக்கு முன்னால் 'ஆளில்லாத' என்று ஒரு சொல் இருந்தது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று அரைப்புள்ளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அது பிழை இல்லப்பா," என்றார். அதற்கப்புறம்தான் குட்டியை அனுப்பச் சொல்லி உனக்கு எழுதினேன். ஜூன் மாதத்திலிருந்து எங்களை ஒரு விருந்தினர் மாளிகையில் வைத்துவிட்டார்கள். கடிதங்களை ஒரு அதிகாரி படித்த பிறகுதான் தபாலில் போடுவார். பூனைக் கடிதத்தை மூன்றுதடவை எழுதினேன். முதல் இரண்டிலும் 'வா' என்று இருந்தது. அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைப் படித்துவிட்டு ஜனங்கள் திரும்பி வந்தார்கள் என்று நீ எழுதிய கடிதம் எல்லாம் முடிந்த பிறகே என் கைக்கு வந்தது.

கடைசி நாள் கூட்டம் சாதாரண அறையில்தான் நடந்தது. பச்சைத் துணி போட்ட மேஜை, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள். திட்டுக்கு வடக்கே இருக்கும் ஆழ்கடல் நமக்கு, தெற்கே அவர்களுக்கு. திட்டிலும் தீவிலும் இரண்டு பக்கமும் ஆட்களை வைக்கக்கூடாது. இதுதான் ஒப்பந்தம். தீவில் ஜனம் குடியிருக்கிறது என்றால் நம் அமைச்சர் அதைச் சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். யாரும் குடியில்லை என்றால் கையெழுத்தே போதும்.

அவர்களுடைய அமைச்சர், "அங்கே மக்கள் வசிக்கிறார்களா?" என்று கேட்டார். நான் நம் மொழியில் சொன்னேன். நம் அமைச்சர் என் பக்கம் திரும்பாமலே, "நிரந்தரமா யாரும் இல்ல. பருவத்துல வந்துபோற மீனவங்கதான்," என்றார்.

அக்கா, நான் அதைச் சொன்னேன். அவர்கள் மொழியில், தெளிவாக, பிழையில்லாமல் சொன்னேன்.

அவர்கள் மேலேயிருந்து எடுத்த ஒரு படத்தை மேஜையில் வைத்தார்கள். "அப்படியானால் இது என்ன?" நம் வீட்டுக் கூரை. கொடி நன்றாகத் தெரிந்தது. "வலை, சாமான் வைக்கிற கொட்டகை," என்றார் நம் அமைச்சர். அதையும் சொன்னேன்.

எதிர்ப்பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஒரு வயதான அம்மா. இடைவேளையில் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, நம் மொழியிலேயே மெதுவாகக் கேட்டார். "படத்துல அந்தக் கூரை ஓரமா வெள்ளையா நாலஞ்சு புள்ளி தெரியுதே. கொட்டகையில யாரு துணி காயப்போடுவாங்க?" நான் அவரைப் பார்த்தேன். வெளியாட்களிடம் பேசக்கூடாது என்று உத்தரவு. அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொல்ல மாட்டேன் என்றிருந்தால் என்னை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்காரவைத்திருப்பார்கள், அதே வாக்கியம் கொஞ்சம் தாமதமாகப் போயிருக்கும். இதை எனக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எப்படிச் சொன்னாலும் வாய் என்னுடையதாகவே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அமைச்சர் முதல்தடவையாக என்னிடம் பேசினார். மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது என்றார்.

நீ எழுதுவாயா என்று தெரியவில்லை. நான் எழுதிவிட்டேன்.

தம்பி


நவம்பர் 5

தம்பிக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வயிற்றுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. இப்போதும் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு காலையில் நம் கப்பல்தான் வந்தது. கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ஏறுங்கள், தற்காலிக ஏற்பாடு என்றார்கள். மாலைக்குள் முடிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. கத்தினால் யாரிடம் கத்துவது, வந்திருந்தவர்களெல்லாம் சின்னப் பையன்கள், அவர்களே குழந்தைகளைத் தூக்கி ஏற்றினார்கள். நான் ஐஸ் பேக்டரியில் இருந்தேன். மெஷினை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, ஒவ்வொரு வால்வாக வரிசைப்படி மூட வேண்டும், இல்லாவிட்டால் அமோனியா கசியும். "வாங்கம்மா, இனிமே இங்க யாரு வரப்போறா," என்று ஒருவன் அவசரப்படுத்தினான். மூடி முடித்துப் பூட்டி, சாவியை அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அத்தான் கப்பலில் ஏறவில்லை. தன் படகிலேயே பின்னால் வந்தார். வழியெல்லாம் நான் கப்பலின் பின்பக்கத்தில் நின்று அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

இங்கே கிடங்கில் சாக்குத் தடுப்பு கட்டிக் குடும்பத்துக்கு ஒரு இடம். ரேடியோவும் அவர் மனைவியும் எங்களுக்கு அடுத்த தடுப்பு. ரேடியோ இப்போது பேசுவதே இல்லை. அந்தம்மா என்னோடு பேசுவதில்லை. வாடகை வீட்டை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தவள், அவளை நான் என்ன சொல்ல முடியும்?

அத்தான் இந்தத் துறைமுகத்தில் மீன்பிடிக்க உரிமம் கேட்டுப் போனார். "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்களாம். தீவு என்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்க யாரும் குடியிருக்கலையே, பருவத்துல வந்துபோறவங்கதான்னு போட்டிருக்கு. நீங்க எங்கேயிருந்து வந்து போனீங்களோ, அந்த ஊர்ல போய்க் கேளுங்க," என்றாராம். எந்த ஊர்? குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். தீவுப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழைக் கொடுத்தேன். அப்படி ஒரு பள்ளிக்கூடம் எங்கள் கணக்கில் இல்லையே என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். அத்தான் இப்போது மற்றவர்கள் பிடித்துவரும் மீனை இறக்கிக்கொண்டிருக்கிறார். குட்டி பகலெல்லாம் தடுப்புக்குள் உட்கார்ந்து பழைய பாடத்தையே படிக்கிறாள்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. "அவன் என்ன பண்ணுவான், வாய்தான் அவனோடது, பேச்சு அவனோடதா?" என்றார். மனுஷன் எல்லோரையும் இப்படித்தான் விட்டுக்கொடுக்காமல் பேசுவார், உனக்குத் தெரியும்.

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்று நீ எழுந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. கப்பல் வந்திருக்கும், நாங்கள் ஏறியிருப்போம். அது எனக்கும் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

ஆனாலும் நீ வா. பஸ் நிலையத்திலிருந்து திரும்பிப் போகாமல் வா. வந்து எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார். அந்த வாக்கியத்தை எனக்கு ஒருதடவை சொல்லிக் காட்டு. நம் மொழியில் வேண்டாம், அதை ஒவ்வொரு ஜன்னலிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களிடம் சொன்ன மாதிரியே, அவர்கள் மொழியில் சொல். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. அப்படிக் கேட்டாலாவது என் தம்பியின் குரல் மட்டும் காதில் விழுகிறதா என்று பார்க்கிறேன்.

அக்கா